பத்திரமாக இறங்கிவிட்டார்

ஆண்டிபட்டியில் புருஷன் தங்கப்பாண்டியன் அவள் கழுத்தில் அரிவாளை வைத்த அன்று, கட்டிய சேலையோடு கிளம்பி வந்தவள் உமாதேவி. தேவாரத்தில் ஒரு வீட்டில் ஒண்டிக்கொண்டு, ரஃபி ஓட்டும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்தாள். பழைய நம்பரைத் தூக்கிப் போட்டாள். பெற்ற தாய்க்குக்கூட இருக்கிற இடத்தைச் சொல்லவில்லை. கண்டுபிடித்தால் கொன்றுவிடுவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் ஒரே ஜீப்பில் மூன்று உமா இருந்தால் எப்படிக் கூப்பிடுவார்கள்? வந்த ஊரைச் சேர்த்துத்தான். இவள் ஆண்டிபட்டி உமா ஆனாள்.

போன மழையில் மலைப்பாதையில் ஒரு ஜீப் உருண்டதிலிருந்து வேலைக்குப் போகிற பெண்களின் வீடுகளில், ஆள் வந்து சேருகிறவரை நிம்மதி இல்லை. அதற்காக ரஃபி, கம்ப்யூட்டர் படித்த ஞானசெல்வியிடம் சொல்லி ஒரு இணையப் பக்கம் போட்டான். அவன் செல்போன் இருக்கிற இடம், கங்காணி காலையில் அனுப்பும் பெயர்கள், ஊர் மேப், அவன் நம்பர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. தனித்தனியாக இருந்தவரை அவை யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. சேர்ந்ததும், எவன் வேண்டுமானாலும் இணையத்தில் பேரையும் ஊரையும் தட்டி ஆளைப் பிடிக்கலாம் என்றாயிற்று. அதற்கு ஒரு பூட்டுப் போட யாருக்கும் தோன்றவில்லை. நல்லது செய்கிற அவசரத்தில் நம் ஆட்களுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்!

அன்று சாயங்காலம் போடியைத் தாண்டியதும் ரஃபி சிரித்த முகமாகத் திரும்பினான்.

“யக்கா, ஒங்க வீட்டுக்காரரு போன் பண்ணாக. ஜீப்பு வர்றத மேப்புல பாத்துக்கிட்டே இருக்காகளாம். தேவாரம் ஸ்டாப்புல நிக்கிறாக.”

உமா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“அந்தாளு என்னய வெட்டத்தான் வந்திருக்கான் தம்பி. நிறுத்து, இங்கனயே எறக்கி விட்ரு.”

ரஃபியின் முகம் செத்துப்போயிற்று. உமாவின் பக்கத்தில் இருந்த பாஜிலாதான் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“ரோட்டுல எறங்காதத்தா, கண்ணுல படுவ. ராசிங்காபுரம் தாண்டித் தோப்பு வரும், அங்கன ஒளிஞ்சுக்க. நான் போலீசக் கூட்டிக்கிட்டு வாரேன்.”

“கேட்டா, இன்னைக்கி வேலைக்கே வரலைன்னு சொல்லிர்றேன்க்கா” என்றான் ரஃபி.

தோப்பில் இறங்கி, மோட்டார் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஜீப் சத்தம் தேய்ந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். மடியில் போன் சிணுங்கியது.

‘ஆண்டிபட்டி உமா பத்திரமாக இறங்கிவிட்டார்.’ கீழே மேப்பில் அந்தத் தோப்பு.

பாவி ரஃபி! ஒவ்வொரு பெண் இறங்கும்போதும் போனில் தட்டுகிற பொத்தானைப் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டான். அவளுக்கும், அவள் பெயரை இணையப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் அதே செய்தி போகும். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒரே ஒருவன்.

தேவாரம் பக்கமிருந்து ஒரு பைக் முறுக்கிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. உமா போனை விட்டெறிந்துவிட்டுத் தென்னைகளுக்குள் ஓடினாள்.