வெறுங்கை

கையுறை போட்டுக்கொண்டு குதிரையைத் தொடுகிறவர்களைக் கண்டாலே கிளெனிஸுக்கு ஆகாது. போன மாதம் யாரோ அவளுடைய குதிரைக் காப்பக வாசலில் விட்டுவிட்டுப் போன பெண்குதிரைக்கு இன்று காலை மூக்கில் நுரை வழிந்தது. அதை வெறுங்கையால் துடைத்தாள். கையைக் கால்சட்டையில் தேய்த்தபடி போய்க் கணவன் மெர்வுக்கு சாண்ட்விச் செய்துவைத்தாள்.

மதியம்தான் குதிரையின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். வௌவால் கடித்துத் துப்பிய அத்திப்பழங்கள் மிதந்தன. வௌவாலிடமிருந்து குதிரைக்கும் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தாவும் அந்தக் காய்ச்சல் வந்தால் பிழைப்பது அரிது.

அவள் கூப்பிட்டு வந்த மருத்துவர் நோரீன், உடல் முழுக்க மூடிய உடுப்போடு வேலிக்கு அப்பாலேயே நின்றாள்.

"வெறுங்கையாலயா தொட்ட?"

"ஆமா."

"உடனே கை கழுவினியா?"

கிளெனிஸ் வீட்டுப் பக்கம் திரும்பினாள். சமையலறைச் சன்னலில் மெர்வ் விரலை நக்கிக்கொண்டு நின்றான்.

"சாண்ட்விச் பிரமாதம்டி. இன்னொண்ணு இருக்கா?"