பிறர் உதவியின்றி

அறுபத்தெட்டு வயது முடிந்த வாரத்தில், ரோலர் கோஸ்டரில் ஏற வேண்டும் என்று அத்தை சொன்னாள். என் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்தார். முழங்கால் இருக்கிற இருப்புக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் அத்தை என் பக்கம் திரும்பி, சனிக்கிழமை எனக்கு வேலை உண்டா என்று விசாரித்தாள். இல்லை என்று உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

அத்தை முப்பத்தொரு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவள். என் உயரத்துக்கு இருக்கும் இயந்திரங்களிலிருந்து ஈரப் போர்வைகளை இழுத்துத் தள்ளுவண்டியில் போட வேண்டும். ஈரத் தரையில் நின்று நின்று இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஒன்றுக்குச் செய்த ஆபரேஷனும் சரியாக வரவில்லை. எதையாவது பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பாள், அவ்வளவுதான். மற்றதற்கெல்லாம் முன்னால் கூடை வைத்த சிவப்பு பேட்டரி ஸ்கூட்டர். அதற்கு 'முதலாளி' என்று பெயர் வைத்திருந்தாள். அது சொன்னால்தான் தன்னால் வெளியே கிளம்ப முடிகிறதாம். ஆனால் கையும் தோளும் தேயவில்லை. எங்கள் வீட்டில் யாராலும் திறக்க முடியாத பாட்டில் மூடி கடைசியில் அவளிடம்தான் போகும்.

தீம் பார்க் வாசலில் டிக்கெட் பார்த்தவர் என்னிடம், "பாட்டிக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"பாட்டிகிட்டயே கேளுங்க. காது நல்லாத்தான் கேக்குது," என்றாள் அத்தை.

உள்ளே போனதும் ஆளாளுக்கு எங்களை மெதுவான விளையாட்டுகளின் பக்கம் திருப்பிவிட்டார்கள். பொம்மை ரயிலில் ஒரு சுற்று. அப்புறம் படகு. செயற்கை ஓடையில் அது ஊர்ந்து போக, இரு கரையிலும் பிளாஸ்டிக் கரடிகள் கையசைத்தன. ஆஸ்பத்திரி லிஃப்ட்டே இதைவிட வேகமாகப் போகும் என்றாள் அத்தை. இறங்கும்போது முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் தோளைத் தட்டி, "பாவம், இந்த நிலைமையிலயும் வந்திருக்கீங்களே," என்றாள். அத்தை ஸ்கூட்டரை நேராக ரோலர் கோஸ்டர் பக்கம் திருப்பினாள். நான் கிட்டத்தட்ட ஓடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அங்கே வரிசை நீளமாக இருந்தது. சக்கர வண்டியில் வருபவர்கள் வரிசையைத் தாண்டிப் போகலாம் என்றார் காவலர். அத்தை மறுத்துவிட்டாள்.

"நான் உக்காந்துதானே இருக்கேன். கால் கடுக்க நிக்கிறது இவங்கதான்."

சாய்தளத்தில் அங்குலம் அங்குலமாக ஏறி மேடைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. எங்கள் முறை வந்தபோது, பெட்டிகளின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெண் ஸ்கூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். அவசர நேரத்தில் பிறர் உதவியின்றிப் படிகளில் இறங்கக் கூடியவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று அதில் எழுதியிருந்தது. மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் சொன்னாள். ஆனால் அதையும் என்னிடம்தான் சொன்னாள்.

மேற்பார்வையாளர் வந்தார். கையில் வாக்கி டாக்கி, நெற்றியில் வியர்வை. பாதி ஏற்றத்தில் ரயில் நின்றுவிட்டால் தண்டவாளத்தை ஒட்டிய இரும்புப் படிகளில்தான் எல்லோரையும் இறக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். தப்பாக நினைக்க வேண்டாம், நடக்க முடியாதவர்களை ஏற்ற விதி இல்லை என்றார். எங்களுக்குப் பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். எனக்கு முகம் எரிந்தது.

"போலாம் அத்தை," என்றேன் மெதுவாக.

"நீ வேணா போ." பிறகு அவரைப் பார்த்துக் கேட்டாள். "இதுல நடந்துன்னு எங்க போட்டிருக்கு?"

அவர் பலகையை இன்னொரு முறை படித்தார். படியில் இறங்குவது என்றால் நடந்து இறங்குவதுதானே என்றார்.

"அது நீங்க புரிஞ்சுக்கிட்டது. எழுதினது வேற. எங்க வீடு ரெண்டாவது மாடி. வாரத்துல ரெண்டு நாள் லிஃப்ட் ஓடாது. அப்பல்லாம் நான் ஜன்னல் வழியாவா குதிக்கிறேன்?"

மேடையின் மறுமுனையில், சவாரி முடிந்தவர்கள் இறங்கிப் போகும் இரும்புப் படிக்கட்டு இருந்தது. தண்டவாளத்துப் படியும் இதே அகலம்தானே என்று கேட்டாள். அவர் ஆமாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அத்தை அங்கே ஓட்டிப்போய் ஸ்கூட்டரை நிறுத்தி, சாவியை என்னிடம் தந்தாள். கம்பியைப் பிடித்து எழுந்து, முதல் படியில் உட்கார்ந்தாள். மேற்பார்வையாளர் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"தொடாதீங்க. தொட்டா கணக்குல வராது. மணி மட்டும் பாருங்க."

இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். பிறகு கால்களை இறக்கினாள். பிறகு அடுத்தது. வீட்டில் அவள் இப்படி இறங்குவது எனக்குத் தெரியும்தான். ஆனால் நான் எப்போதும் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விடுவேன், நின்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். புடவை இரும்பில் உரசி அழுக்கானது. இருபதாவது படியில் மூச்சு வாங்கியது. நிற்கவில்லை. சவாரி முடிந்து வந்தவர்கள் மேலே தேங்கி நின்றார்கள். உச்சுக் கொட்டிய ஆளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு படிகள். தரையில் கால் பட்டதும், கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, மேலே அண்ணாந்து கேட்டாள்.

"எவ்வளவு ஆச்சு?"

"நாலு நிமிஷம் பத்து செகண்ட்," என்றார் மேற்பார்வையாளர்.

"ரயில் நின்னுட்டா ஒரு ஆள் இறங்க எவ்வளவு நேரம் குடுப்பீங்க?"

ஆறு நிமிடம் என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் உடனே சரி என்று சொல்லவில்லை. ஓரமாகப் போய் யாருக்கோ போன் செய்து நீண்ட நேரம் பேசினார். ஏதாவது ஆனால் தன் வேலை போய்விடும் என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. அதற்குள் நான் ஸ்கூட்டரைச் சாய்தளம் வழியாகக் கீழே கொண்டுபோய், அத்தையை ஏற்றி மறுபடி மேலே அழைத்து வந்திருந்தேன். போனை வைத்துவிட்டு வந்தவர் இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. அத்தைக்கு எதிரே குனிந்து, "வாங்கம்மா. முன் பெட்டியா, பின் பெட்டியா?" என்று கேட்டார்.

முன் பெட்டிதான். வேறு எதைக் கேட்பாள்? பக்கத்தில் நான். உச்சியை அடைந்தபோது ஊரே காலடியில் கிடந்தது. பிறகு கீழே விழுந்தோம். நான் அலறியது எனக்கே கேட்கவில்லை. அத்தை கம்பியைப் பிடித்த பிடியில் அவள் விரல்கள் வெளுத்திருந்தன. திரும்பி வந்து நின்றதும் அவள் முடி மொத்தமும் அவிழ்ந்து முகத்தில் கிடந்தது. அதை ஒதுக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. எனக்குப் பயம் வந்து தண்ணீர் கொடுத்தேன்.

வெளியேறும் இடத்தில், சவாரியில் எடுத்த போட்டோக்களைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். எங்கள் படத்தில் நான் வாயைப் பிளந்திருந்தேன். அத்தை கண்ணை இறுக மூடியிருந்தாள். அதை வெகுநேரம் பார்த்தாள். பிரிண்ட் போடட்டுமா என்று கேட்ட பெண்ணிடம் வேண்டாம் என்றாள்.

"கண்ணை மூடிட்டேன். இது செல்லாது. வா, வரிசையில நிப்போம்."

அப்பாவுக்கு போன் செய்து வர நேரமாகும் என்று சொன்னேன். என்ன ஆச்சு என்று பதறினார். ஒன்றும் ஆகவில்லை, அத்தை இன்னொரு தடவை ஏறப் போகிறாள் என்றேன். நானும்தான் என்று சேர்த்துச் சொன்னேன்.

இந்த முறை ஒரு மணி நேரம் ஆனது. எங்களைப் பார்த்ததும் மேற்பார்வையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு முன் பெட்டியின் கதவைத் தானே வந்து திறந்துவிட்டார்.