காரணம்: தேர்

திங்கட்கிழமைக்குள் ரேணுகாதேவி பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த ஜன்னலும் அந்த மைக்கும் வேறு ஒருத்தருக்குப் போய்விடும்.

முதலாளி காளீஸ்வரன் கெட்டவனில்லை. சங்கடமே அதுதான். வியாழக்கிழமை சாயங்காலம் நல்ல மனசோடுதான் கேட்டான். "அக்கா, இனிமே வீட்டுலயே இருங்க. போன்ல பாக்குற மாதிரி ஏதாச்சும் வேலை தாரேன். எதுக்கு இந்தப் பாடு? திங்கக்கெழமைக்குள்ள சொல்லுங்க."

ரேணுகாதேவி ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டைம் கீப்பர். அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பும் கம்பெனி வண்டிகள் எல்லாம் அவள் ஜன்னலுக்கு எதிரேதான் நிற்கும். எந்த வண்டி எத்தனை மணிக்கு எடுத்தது, தாமதம் என்றால் என்ன காரணம் என்று நோட்டில் எழுதுவது அவள் வேலை. மைக்கில் ஒரு தடவை சொன்னால் போதும், டிரைவர் டீயைக் கீழே வைத்துவிடுவார். போலியோ வந்த கால்களோடு பதினான்கு வருடம். ஒரு நாள்கூட அந்தக் குரல் கேட்காமல் இருந்ததில்லை.

ஆபீசுக்கு மூன்று படி. அந்த மூன்று படிதான் பிரச்சினை.

காலையில் தம்பியின் ஆட்டோ பாளையம்பட்டியிலிருந்து அவளைக் கொண்டுவந்து இறக்கும். முன்பெல்லாம், ஏழு ஐந்துக்குக் கிளம்பும் நரிக்குடி வண்டியின் டிரைவர் மொக்கையன் பீடியை எறிந்துவிட்டு வருவார். கண்டக்டர் வெள்ளத்துரை பையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வருவார். கிளீனர்கள் இரண்டு பேர். நாலு பக்கமும் பிடித்துச் சக்கர நாற்காலியைத் தூக்குவார்கள்.

"ஏலே, முட்டுக்கட்டை போடுறவன் எங்கலே?"

"வடத்தை விட்றாதீக அண்ணே, அம்மன் கோவிச்சுக்கிரும்."

பயணிகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். பழைய முதலாளி, காளீஸ்வரனின் அப்பா, உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "தேரு நிலைக்கு வந்துருச்சா? அப்ப வண்டிய எடுங்கப்பா." அந்தக் கேலியில் ஒரு பாசம் இருந்தது. மொக்கையன் மாசி மாதத்தில் தன் தோட்டத்து முதல் தட்டப்பயற்றைத் துண்டில் முடிந்து அவள் மேசையில் வைப்பார். யாருக்குச் சம்பந்தம் பேசினாலும் அவளிடம்தான் போட்டோ முதலில் வரும். மழை பெய்தால் நாலு பேரோடு ஐந்தாவதாக ஒருவர் குடை பிடித்து வருவார். அந்தப் பக்கம் எப்போதாவதுதான் மழை. அந்தக் குடை நாட்கள் ஒவ்வொன்றும் அவளுக்குத் தனித்தனியாக நினைவிருந்தன.

பழைய முதலாளி போன வருடம் காலமானார். மொக்கையன் ஓய்வு பெற்று மகளோடு நரிக்குடியில் இருக்கிறார். கிளீனர் என்ற வேலையே இப்போது கம்பெனியில் இல்லை. மிஞ்சியது வெள்ளத்துரையும், அன்றைக்குக் கையில் அகப்படும் மூன்று பேரும். வியாழக்கிழமை காலை இரண்டாம் படியில் வெள்ளத்துரைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நாற்காலி சாய்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள் ரேணுகாதேவி.

அன்றைக்குச் சாயங்காலம்தான் காளீஸ்வரன் அந்தக் கேள்வியைக் கேட்டது.

சனிக்கிழமை அவளே அவனைத் தன் மேசைக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, வீட்டு வேலை வேண்டாம். எனக்குச் சாய்தளம் போட்டுக் குடுங்க."

"மூணு படிதானக்கா. ஒரு பலகையச் சாத்துனா போதாதா?"

"போதாது. ஒரு அடி உசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும். இங்க ஒண்ணரை அடி உசரம். பதினெட்டு அடி."

காளீஸ்வரன் வெளியே பார்த்தான். வாசலை ஒட்டிப் பதினெட்டு அடிக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அதன் ஓரத்தில் வேப்பமரம். வேப்பமர நிழலில் அவன் கார். அந்த வட்டாரத்தில் பங்குனி வெயிலில் கார் நிறுத்த நிழல் கிடைப்பது லேசில்லை.

"வேற ஆளுகள விட்டுத் தூக்கச் சொல்றேன்க்கா. ஒரு நிமிஷ வேலை. ஒங்கள யாரு மாட்டேன்னு சொல்லப் போறா? நம்ம குடும்பம் மாதிரி..."

"ஒரு நிமிஷம் இல்ல தம்பி. நாலு நிமிஷம். நோட்டப் பாருங்க."

அவன் நோட்டைப் புரட்டினான். முகம் சுருங்கியது.

"நானே ஒங்கள்ட்ட கேக்கணும்னு இருந்தேன். ஏழு ஐந்து நரிக்குடி. புறப்பாடு ஏழு ஒம்பது. காரணம், தேர். மறுநா ஏழு ஒம்பது. தேர். எந்தக் கோயில்லக்கா தெனம் தேர் ஓடுது?"

ரேணுகாதேவி மைக்கின் ஒயரைச் சுற்றி வைத்தாள்.

"ஷெட்டுலருந்து வார வழியில ஏதோ திருவிழா மறிக்குதுன்னு நெனச்சேன். ரெண்டு மாசமா வண்டிய பைபாஸ் சுத்தி வரச் சொல்லிருக்கேன். அப்படியும் நாலு நிமிஷம் லேட்டு. பின்னாடி வேற கம்பெனி ஏழு பத்துக்காரன் முந்திட்டுப் போய் ஆளு ஏத்துறான். டிரைவருகளத் திட்டித் தீத்துட்டேன்."

"அவுக என்ன சொன்னாக?"

"என்ன சொல்லுவாக, சரிங்க மொதலாளின்னாக."

இல்லாத தேருக்காக இரண்டு மாதம் ஊரைச் சுற்றியிருக்கிறார்கள். காலையில் பத்து நிமிடம் முன்னதாக எழுந்திருக்கிறார்கள். ஒருவர்கூட அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவளிடமும் சொல்லவில்லை.

"தம்பி, கோயில் தேர் இல்ல. நாந்தான் தேரு."

காளீஸ்வரன் நோட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி நோட்டைப் பார்த்தான். பழைய பக்கங்களில் அவன் அப்பாவின் பச்சை மைக் கையெழுத்து, ஒவ்வொரு தேருக்கும் கீழே இருந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"பேரு வச்சதே அவுகதான்."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எழுந்து போனான். ஐந்து நிமிடம் கழித்து வேப்பமரத்தடியில் கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டான் என்றே அவள் நினைத்தாள். கார் எதிர்ப்பக்கம் போய் வெயிலில் நின்றது.

திங்கட்கிழமை கொத்தனார் பால்பாண்டி வந்தார். அவருக்குப் பதினெட்டு அடி பிடிக்கவில்லை.

"ஒம்போதடி போதும்மா. நான் போடுற சரிவுல புல்லட்டே ஏறும்."

"புல்லட்டுக்கு இன்ஜின் இருக்குண்ணே. எனக்குக் கைதான் இருக்கு."

பால்பாண்டி நூலை மறுபடி இழுத்துப் பிடித்தார்.

சிமென்ட் இறுக எட்டு நாள். அதுவரை ஆட்டோவிலேயே உட்கார்ந்து டைம் எழுதினாள். ஒன்பதாம் நாள் காலை ஆட்டோவிலிருந்து நாற்காலிக்கு மாறி, சரிவில் சக்கரத்தைத் தள்ளினாள். பழக்கதோஷத்தில் வெள்ளத்துரை இரண்டடி முன்னால் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் கேலி பேசவில்லை. நரிக்குடி வண்டி ஏழு ஐந்துக்குக் கிளம்பிப் போனது. அந்த அமைதி அவளுக்கு என்னவோ போலிருந்தது.

பத்தரை மணிக்கு வண்டிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி. மேலே ஏறிவிட்டால் சாயங்காலம்தான் இறங்குவது என்று இருந்தவள், அன்றைக்குத் தானாகச் சரிவில் இறங்கினாள். கட்டடத்துக்குப் பின்னால் டீக்கடை. போனதே இல்லை.

கடைக்கார ராக்கம்மாள் கரண்டியோடு நிமிர்ந்தாள். "ஒரு டீ" என்றாள் ரேணுகாதேவி.

"அட, மைக்குல பேசுறது நீதானா? குரலு தெரியும். மூஞ்சிய இப்பத்தான் பாக்குறேன்."

பெஞ்சில் வெள்ளத்துரை உட்கார்ந்திருந்தார். இடுப்பில் பெல்ட். டிரிப் சீட்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

"மொக்கையன் அண்ணன் இங்க இருந்தா இன்னிக்கு என்னமாவது சொல்லிருப்பாரு தாயி."

"சொல்லிருப்பாரு."

"நல்லாத்தான் இருந்துச்சு அப்ப."

"ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே."

வெள்ளத்துரை டீயை ஆற்றினார். ரொம்ப நேரம் ஆற்றினார்.

"தூக்குறப்ப ஒனக்குப் பயமா இருக்குமா?"

"தெனமும்."

"ஒரு நாக்கூட சொல்லலையே."

"சொன்னா தூக்க மாட்டீக. அப்புறம் நான் எப்படி மேல போறது?"

வெள்ளத்துரை பெஞ்சில் நகர்ந்து, அவள் நாற்காலியும் நிழலுக்குள் வர இடம் விட்டார்.