தீபம் முடியட்டும்

டாக்டர் மதிவதனி குழந்தையின் உச்சிக்குழியில் ஸ்கேன் கருவியை வைத்தார். அங்கே எலும்பு இன்னும் மூடவில்லை. அதன் வழியாகத்தான் மூளையைப் பார்க்க வேண்டும். குழந்தை ஒரு கிலோகூட இல்லை. ஏழாம் மாதத்துக்கே இது குறைவு.

விக்னேஷ்வரன் கண்ணாடிக்கு வெளியே நின்றான். கோயில் குருக்கள். இப்போது பிறப்புத் தீட்டு. சன்னதிக்குள் போக முடியாது. பக்கத்தில் அவன் மனைவி சாம்பவி சக்கர நாற்காலியில், தையலைக் கையால் தாங்கியபடி இருந்தாள்.

"நான் சரியா சாப்பிடலை. அதான் வளரலை," என்றாள்.

"அப்படியெல்லாம் இல்லை."

"உங்கம்மா சொல்றா."

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கார்த்திகை தீபத் திருவிழா தொடங்கிய வாரம் ஸ்கேன் எடுத்த இடத்தில், அவள் உள்ளே புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அவனிடம் சொன்னார்கள். தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் குறைவு. எந்த நாளும் குழந்தையை எடுக்க வேண்டி வரலாம். இன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, குழந்தையின் மூளைக்கும் நுரையீரலுக்குமான ஊசியைப் போட்டுவிடுங்கள்.

தீபத்தன்று சன்னதியில் பூஜை செய்வது அவனுடைய முறை. பங்காளிகளுக்குள் சுற்றி மறுபடி அவனிடம் வரப் பல வருஷம் ஆகும். குழந்தை பிறந்தால் பத்து நாள் தீட்டு. சேர்த்தால் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தான். சாம்பவியிடம், "தீபம் முடிஞ்சு வரச் சொன்னா," என்றான்.

தீபத்துக்கு மறுநாள் காலை வயிற்றில் அசைவு குறைந்தது. உடனே அறுவை. ஊசிக்கு நேரம் இருக்கவில்லை.

பெரியப்பா மகன் சாம்பமூர்த்தி போனில் சிரித்தான். "ஒம் புள்ள சமத்துடா. முறை முடியட்டும்னு காத்துண்டிருந்திருக்கான்."

டாக்டர் வெளியே வந்தார்.

"இடப்பக்கம் கொஞ்சம் ரத்தம் கசிஞ்சிருக்கு. சின்னதுதான். பெருசாகுதான்னு பார்க்கணும்." சாம்பவியிடம் திரும்பினார். "முன்னாடியே ஏம்மா வரல? ஊசி போட்டிருந்தா இது வர்ற வாய்ப்பு கம்மி."

"தீபம் முடிஞ்சு வரச் சொன்னாளே."

"யாரும்மா சொன்னது? இப்படி ரத்தம் போகாத கொழந்தைய யாராவது காத்திருக்கச் சொல்வாங்களா?"

"அவா அன்னிக்கே சேர்க்கச் சொன்னா டாக்டர்," என்றான் விக்னேஷ்வரன். "நான்தான் மாத்திச் சொன்னேன். எனக்கு முறை இருந்தது."

மதிவதனி கையுறையைக் கழற்றினார். "படிச்சவர்தானே சாமி நீங்க," என்றார்.

சாம்பவி அவனைப் பார்க்கவில்லை. "அந்த ஊசிய இப்போ அவனுக்குப் போட முடியாதா டாக்டர்?"

"அது வயித்துல இருக்கும்போதே அம்மாவுக்குப் போடறதும்மா."

தலையசைத்தாள். பிறகு அவனிடம் கேட்டாள். "தீபாராதனை காட்டறச்சே என்ன வேண்டிண்டேள்?"

"இன்னிக்குப் பொறந்துடக் கூடாதுன்னு."

நர்ஸ் கதவைத் திறந்தாள். தாய் மட்டும் உள்ளே வந்து குழந்தையைத் தொடலாம்.

"உங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்கோ," என்றாள் சாம்பவி. நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போனாள்.

தாழ்வாரத்து பெஞ்சில் அவன் அம்மா லலிதாம்பாள் கஞ்சி ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள்.

"பால் சுரக்கறதா அவளுக்கு? எங்கேருந்து வரும்? வயித்துல இருக்கறச்சேயே பட்டினி போட்டவ..."

அவன் அருகில் உட்கார்ந்தான்.

"அவ சாப்பிட்டாம்மா," என்றான். "நான் சொல்றதக் கொஞ்சம் கேளு."