பத்து முறை செருகியது

...எழுபத்திரண்டு வரி, அவ்வளவுதான், இதற்கா பெங்களூரில் அவளுக்குக் கண்ணாடி அறை, எனக்கு மலைமேல் ஒண்டிக்கடை முக்கில் இன்டர்நெட் ஆபீஸில் ஏழு வருஷமாக ராத்திரி ஷிப்ட், இப்போதுதான் விடிந்து முடிந்தது, கண் எரிகிறது, ஆனாலும் படிக்கிறேன், தேவகுமாரி எழுதிய நிரல் திருத்தம், சேலத்துக் கல்லூரிப் பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதியவள்... பொய், நான்தான் அவளைப் பார்த்து எழுதினேன், படிப்பைப் பாதியில் விட்டும் போனேன். விஷயம் சின்னது. ஃபைபரில் வரும் வெளிச்சத்தை வாங்கித் தரும் விரல் நீள மாட்யூல், செருகியதும் விழிக்க நேரமெடுக்கிறது, அதற்குள் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் அவசரப்பட்டு அதைத் தள்ளிவிடுகிறது. மாட்யூலை இயக்கும் நிரலை, டிரைவரை, காத்திருக்கச் சொல்கிறாள், அவ்வளவே. அந்த மாட்யூல் வைத்திருக்கும் யாராவது சோதித்து, சரி என்று எல்லோரும் படிக்கும் மெயில் பட்டியலில் எழுதினால் திருத்தம் லினக்ஸின் மையமான கெர்னலில் ஏறும், அவள் பெயரோடு, என்றைக்குமாக. வைத்திருப்பவன் நான். காத்திருந்தால் போதும் என்று எனக்கும் தோன்றியதுதானே... தோன்றி? எழுதினேனா?

குறை தேடினேன், இல்லை, எரிச்சலாக இருந்தது. புது டிரைவரைக் கம்பைல் செய்து மாட்யூலைச் செருகினேன், லிங்க் வரவில்லை, விளக்கு எரியவில்லை. உருவிச் செருகினேன், வரவில்லை, பத்து முறை, நெஞ்சுக்குள் இனித்தது, மறைப்பானேன். ‘பத்துக்குப் பத்தும் தோல்வி. அனுப்பும் முன் சோதிக்கும் பழக்கம் உண்டா?’ பட்டியலுக்கு அனுப்பிவிட்டு டீ குடித்தேன். பாதி டம்ளரில்தான் உறைத்தது... கம்பைல் செய்தேன், சரி, பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றினேனா? பார்த்தேன். பழையதே ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. புதியதை ஏற்றிச் செருகினேன், முதல் முறையே பச்சை.

அப்போது அவளே போனில் கூப்பிட்டாள். சண்டைக்குத் தயாரானேன், சண்டை என்றால் சுலபம்.

“பாத்தேன் தனபாலு. ஊரே படிக்கற எடத்துல அப்பிடியா கேப்ப?” என்று சிரித்தாள். “ஆனா நீயே பத்துவாட்டி போட்டுப் பாத்திருக்கீன்னா என்ற மேலதான் கோளாறு. லீவு போட்டுத் திருப்பி எழுதறேன். அங்க பனி நொம்பவா?”

“இருக்குது,” என்றேன். வைத்துவிட்டாள்.

இந்நேரம் லீவு சொல்லியிருப்பாள், இல்லாத தப்பைத் தேட உட்கார்ந்திருப்பாள். ஒரு வரி போதும், பழையதை இறக்க மறந்துவிட்டேன் என்று. அடித்தேன், மறந்துவிட்டேன் என்ற இடத்தில் கை நின்றது... மூன்றாவது முறை வராதபோதே ஒரு நினைப்பு வந்து போனதே, எது ஓடுகிறதென்று பார் என்று. பார்க்காமல் ஏன் நான்காவது முறை செருகினேன்?