துண்டு வெளுத்த பிறகும்

1.

இந்தக் கதை ஒரு சாதாரணக் கேள்வியிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகைப்படங்களின் நிறத்தைச் சரிசெய்ய எந்த மென்பொருள் நல்லது?

குளத்தூர்ப் பக்கத்து ஏரிகளைப் பற்றி ஒரு பத்திரிகைக்கு எழுதியிருந்தேன். கூடவே அனுப்பிய படங்களும் நான் எடுத்தவைதான். அவற்றில் தண்ணீர் பாசிப்பயறு வேகவைத்த சாறு போலிருந்தது. "கலரைக் கொஞ்சம் சரிபண்ணி அனுப்புங்களேன்" என்றார் ஆசிரியர். இணையத்தில் தேடினேன். ஒரு கட்டுரை சிறந்தது என்றதை அடுத்த கட்டுரை குப்பை என்றது. கடைசியில் திருக்கோகர்ணத்தில் கணவரோடு சேர்ந்து ஸ்டுடியோ நடத்தும் சிவரஞ்சனியிடம்* போய்க் கேட்டேன்.

"எதை வாங்குறதுன்னு நானும் போன வருசம் மண்டையப் பிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன் சார். ஒரு படம் காட்டுறேன். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

திரையில் ஒரு பச்சைக் குழந்தை, வெள்ளைத் துண்டில் தூங்கிக்கொண்டிருந்தது. கன்னத்துக்குப் பக்கத்தில் தாயின் விரல்.

"என்ன தெரியுது?"

"அழகான குழந்தை."

"நல்லாப் பாருங்க."

நல்லாப் பார்த்தேன். அழகான குழந்தைதான் தெரிந்தது.

(* உண்மைப் பெயர் இலக்கியா. எழுதுவதைப் பற்றியும் பேசப்போகிற ஒரு கதையில் அந்தப் பெயர் வந்தால், வேண்டுமென்றே வைத்தேன் என்பீர்கள். சில உண்மைகளைக் கதை நம்பும்படியாகத் தாங்குவதில்லை. மாற்றிவிட்டேன். இனி அடிக்குறிப்பு போடமாட்டேன், அடைப்புக்குறியோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

2.

முதல் வரியை எப்படித் தொடங்குவது?

'அரிமளத்தில் அன்புமொழியின் அறைச் சுவருக்கு மஞ்சள் வண்ணம் பூசிய அன்றே...' வேண்டாம். பாவம், சுவரை முதல் வரியிலேயே கூண்டில் ஏற்றிவிடுகிறேன்.

'குவைத்தில், இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்தபடி, பிராங்க்ளின் தன் மகனை முதன்முதலாகப் போனில் பார்த்தான். பார்த்ததும்

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பார்த்ததும் ஒரு மனிதனுக்கு என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த வினைச்சொற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எதுவும் அந்த இடத்தில் நிற்கவில்லை. திறந்த மேற்கோள்குறியோடு அப்படியே கிடக்கட்டும்.

நடந்ததை நடந்தபடி சொல்வதே மேல். அன்புமொழிக்கு முதல் குழந்தை, ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அரிமளம் வீட்டுக்கு வந்து ஓரிரு நாள் ஆகியிருந்தது. கணவன் பிராங்க்ளின் குவைத்தில் ஏசி மெக்கானிக். பிரசவத்துக்கு வர விடுப்புக் கிடைக்கவில்லை. வீடியோ அழைப்பில்தான் மகனைப் பார்த்தான். பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்டான்.

"புள்ள ஏன் மஞ்சளாத் தெரியுறான்?"

"செவுத்துக்கு மஞ்சப் பெயிண்ட் அடிக்கச் சொன்னது யாரு? நீங்கதான? அதான் அடிக்குது" என்பாள் அன்புமொழி.

அவள் சொன்னது தவறில்லை. குழந்தை வருவதற்காகவே அந்த அறைக்கு எலுமிச்சை மஞ்சள் பூசியிருந்தார்கள். பல்பும் மஞ்சள் வெளிச்சம். பிள்ளைக்குக் காற்றடிக்கக் கூடாதென்று ஜன்னலில் கனத்த திரை. அந்த அறைக்குள் போனால் யாரும் மஞ்சள்தான். போன் கேமரா வேண்டாம், நல்ல கேமராவில் ஒரு படம் எடுத்து அனுப்பு, இங்கே ரூமில் ஒட்டிக்கொள்கிறேன் என்று பிராங்க்ளின் சொல்ல, அன்புமொழி சிவரஞ்சனியைக் கூப்பிட்டாள்.

படம் எடுப்பது சுலபமாக இருந்ததாம். துணி மாற்றினாலும் திருப்பிப் படுக்க வைத்தாலும் குழந்தை முனகக்கூட இல்லை.

"அழுகையே கெடையாது, தங்கமான புள்ள" என்று பெருமையாகச் சொன்னாராம் உதவிக்கு வந்திருந்த அன்புமொழியின் அண்ணி மணிமேகலை. சிவரஞ்சனியும் தலையாட்டியிருக்கிறார்.

3.

எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். சிவரஞ்சனியின் கணவர் ரகுநாத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

காரணம் இருந்தது. ஸ்டுடியோவில் அப்போது ஒரு குழப்பம். கம்ப்யூட்டரில் இருந்த பழைய மென்பொருளின் சந்தா முடியப்போகிறது. அதையே புதுப்பிப்பதா, அல்லது எல்லாரும் பேசும் புதிய செயலிக்கு மாறிவிடுவதா? புதியதில் ஒரு பொத்தானைத் தொட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். (பெயர்கள் சொல்லமாட்டேன். சொன்னால் விளம்பரம் என்பார்கள், இல்லையென்றால் வழக்கு போடுவார்கள்.) ரகுநாத் புதியதன் கட்சி. ஒரே படத்தை இரண்டிலும் போட்டுப் பார்த்து முடிவு செய்வோம் என்றார் சிவரஞ்சனி. கையில் இருந்தது அரிமளத்துக் குழந்தையின் படம்.

முதலில் புதியது. ரகுநாத் பொத்தானைத் தொட்டார். கண் இமைப்பதற்குள் அறையின் மஞ்சள் மறைந்தது. குழந்தை ரோஜா நிறத்தில் மலர்ந்துவிட்டது. கன்னத்தில் ஒரு சிவப்புகூட ஏறியிருந்தது.

"இதுக்கு மேல என்ன வேணும்? அனுப்பிவிடு, அந்தாளு சந்தோசப்படுவாரு."

"துண்டு என்னங்க, சொட்டு நீலம் அதிகமாப் போட்டு அலசுன மாதிரி இருக்கு?"

"துண்டை எவன் பாக்கப் போறான்?"

சிவரஞ்சனி பார்த்தார். அடுத்து அதே படத்தைப் பழைய மென்பொருளில் திறந்தார். அது தானாக எதையும் செய்யாது. படத்தில் எது வெள்ளை என்று நாம்தான் காட்ட வேண்டும். காட்டினால் அதைக் கொண்டு மற்றவற்றைச் சீராக்கும். அவர் துண்டைக் காட்டினார்.

துண்டு வெளுத்தது. தாயின் விரல் தன் மாநிறத்துக்குத் திரும்பியது. பின்னாலிருந்த சுவர் வெளிறிய எலுமிச்சை நிறமாக அடங்கியது. சுவரும் பல்பும் சேர்ந்து பூசியிருந்த மஞ்சள் எல்லாவற்றிலிருந்தும் இறங்கிப் போய்விட்டது.

குழந்தையிடமிருந்து மட்டும் இறங்கவில்லை.

தான் காட்டிய இடம் தப்போ என்று துண்டின் வேறொரு மடிப்பைக் காட்டினார். அப்படியேதான். வேறு படத்தைத் திறந்தார். ஒன்றில் குழந்தை கண்ணை லேசாகத் திறந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். விழியின் வெள்ளை, பழுக்கத் தொடங்கிய எலுமிச்சையின் நிறத்தில் இருந்தது.

இதை அவர் எனக்குத் திரையில் செய்து காட்டியபோதுதான் எனக்கும் தெரிந்தது. தெரிந்த பிறகு முதல் படத்திலும் அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

(இங்கே கொஞ்சம் நிற்கிறேன். கதை ஓடத்தான் பார்க்கிறது, ஆனால் எனக்கு மூச்சு வாங்குகிறது. ஒரு பல்பின் வெளிச்சம் சுவரில் பட்டு, குழந்தையின் மேல் பட்டு, கேமராவின் கண்ணாடிக்குள் நுழைகிறது. நுழைந்து எண்களாகிறது. நகத்தளவு மெமரி அட்டை ஒன்றில் ஏறி, அரிமளத்திலிருந்து திருக்கோகர்ணத்துக்கு வருகிறது. அந்த எண்களுக்குள்ளே, பிறந்து சில நாளே ஆன ஒரு கல்லீரலால் தன் வேலையைச் செய்ய முடியவில்லை என்ற செய்தியும் இருக்கிறது! யாரும் எழுதி அனுப்பவில்லை. வீட்டில் இருந்தவர்கள் அத்தனை பேர் கண்ணிலும் பட்டு, படாமல் போயிற்று. நான் இருபது வருடமாக எழுதுகிறேன். ஒரு வாக்கியத்துக்குள் இவ்வளவை வைக்க எனக்குத் தெரியாது.)

4.

முதல் வரைவில் சிவரஞ்சனி உடனே போனை எடுத்தார். படித்துக் காட்டியபோது சிரித்தார்.

"அப்படியெல்லாம் இல்ல சார். கை வரல. பச்சப் புள்ள வீட்டுக்குப் போன் போட்டு, ஒங்க புள்ளைக்கு நோவுன்னு சொல்ல நான் யாரு? டாக்டரா? நான் காட்டுன வெள்ளையே தப்பா இருந்தா? அந்த ரோஸ் படத்த அனுப்பிட்டுப் பேசாம இருந்துருவோமான்னுகூடத் தோணுச்சு."

அப்போது என் வில்லன் என்னைக் கைவிட்டான். ரகுநாத் திரைக்கு முன் குனிந்து நெடுநேரம் பார்த்திருக்கிறார். பிறகு தன் போனை எடுத்து மனைவி கையில் வைத்திருக்கிறார்.

"தப்பா இருந்தா திட்டு வாங்கிக்குவோம். போடு."

சிவரஞ்சனி போட்டார். (அவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் தருகிறேன்.)

"அன்பு, தம்பி பால் குடிச்சானா?"

"எங்கக்கா... எழுப்புனாலும் எந்திரிக்க மாட்டேங்கிறான். ரெண்டு வாய் குடிக்கிறதுக்குள்ள தூங்கிப் போயிர்றான்."

"அவனத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வாங்க. வெயில் வேணாம், வெளிச்சம் இருந்தாப் போதும்."

"வெளிய தூக்கக் கூடாதுன்னு அண்ணி..."

"ஒரு நிமிசம் வாங்கம்மா. வந்து, ஒங்க கைய அவன் நெஞ்சு மேல வச்சு, ரெண்டையும் பாருங்க."

கதவு திறக்கும் சத்தம். தெருவில் ஏதோ பஸ்ஸின் ஹாரன்.

"அக்கா" என்றாள் அன்புமொழி.

"சொல்லுங்க."

"அக்கா, இவன் என்னக்கா இந்தக் கலர்ல இருக்கான்?"

"பயப்படாதீங்க. அங்கிட்டிருந்து ஆட்டோ புடிச்சு நேரா புதுக்கோட்டைக்கு வாங்க. நாங்க ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறோம்."

5.

ரத்தம் எடுத்துப் பார்த்த மருத்துவர் உடனே சேர்க்கச் சொன்னார். பிறந்த குழந்தைகள் பலருக்கு வீடு திரும்பிய பிறகு மஞ்சள் காமாலை ஏறுவது உண்டு, பெரும்பாலும் தானே இறங்கிவிடும், இந்தக் குழந்தைக்கு இறங்காமல் ஏறிக்கொண்டே போகிறது, இன்னும் ஏறினால் மூளையைத் தொட்டுவிடும் என்றார். அன்புமொழி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். குவைத்திலிருந்து பிராங்க்ளின் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் ரகுநாத்தான் எடுத்துப் பேசினார். "ஒண்ணும் ஆகாதுங்க, நாங்க இங்கதான் இருக்கோம்."

உள்ளே எட்டிப் பார்க்கச் சிவரஞ்சனியை அனுமதித்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை. கண்ணை மட்டும் துணியால் மூடிக் கட்டியிருந்தார்கள். உடம்பு முழுக்க வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. நீல வெளிச்சம்.

அந்த நீலம் மயில்கழுத்தைப் போல

அந்த நீலம் மழைக்கு முந்திய

(உவமைகளை விட்டுவிட்டேன். நீலம். அவ்வளவுதான்.)

"என்ன மருந்து குடுக்குறீங்க?" என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறார்.

"இந்த வெளிச்சம்தாங்க மருந்து. தோலுக்குள்ள எறங்கி மஞ்சளக் கரைச்சுவிட்ரும். பெறகு ஒண்ணுக்கு, வெளிக்கு வழியா வெளிய போயிரும்."

"வெளிச்சமா?"

"வெளிச்சந்தான்."

சிவரஞ்சனி எழுந்து வந்து, திரையில் ஒரு பட்டையை எனக்குத் தொட்டுக் காட்டினார். அதன் ஒரு முனை மஞ்சள், மறுமுனை நீலம்.

"படத்துல மஞ்ச அதிகமாத் தெரிஞ்சா இத இங்கிட்டுத் தள்ளுவேன் சார், நீலத்துப் பக்கம். தெனமும் பண்ற வேலை. அன்னைக்கு அந்தப் பொட்டி முன்னாடி நிக்கையில இந்தப் பட்டைதான் ஞாபகம் வந்துச்சு. படத்துக்குப் பண்றத உசுருக்கும் பண்ணலாம்னு எனக்கு யாரும் சொல்லலயே!"

தற்செயல் ஒற்றுமையாக இருக்கும் என்று நினைத்தேன். கட்டுரை எழுதிப் பழகிய புத்தி, தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் விசாரித்தேன். தற்செயல் இல்லையாம். காமாலையின்போது ரத்தத்தில் சேரும் பொருள் நீல ஒளியைக் குடித்துவிடுகிறது. குடித்துவிடுவதால்தான் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. குடித்த ஒளியாலேயே அதன் வடிவம் மாறி, உடம்பைவிட்டு வெளியேறும் தன்மையையும் பெறுகிறது. அது மஞ்சளாகத் தெரியக் காரணம் எதுவோ, அதுவே அதைப் போக்கவும் காரணம்.

இந்தப் பத்தியை ஐந்தாறு முறை திருத்தி எழுதினேன்.

6.

முடிவுகளைப் பற்றி.

குழந்தை பிழைக்காத ஒரு முடிவை எழுதிப் பார்த்தேன். கதைக்குக் கனம் கூடும் என்று ஒரு எண்ணம். இரண்டு வரிக்கு மேல் கை நகரவில்லை. அழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். மஞ்சள் மெல்ல இறங்கியது. ஒரு காலையில் சிவரஞ்சனிக்கு அன்புமொழியிடமிருந்து போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை, குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது. அண்டை வீட்டார் எழுந்து வரும்படியான அழுகை. அதற்குப் பின்னால் அன்புமொழி சிரிப்பது கேட்டது. "பசிக்குதாம்க்கா! பசிக்குதாம்!"

அங்கேயே முடித்திருப்பேன். ஆனால் சிவரஞ்சனி இதைச் சொல்லி முடித்த அன்று நான் ஸ்டுடியோவிலேயே இருந்தேன். ஒரு குடும்பம் உள்ளே வந்தது. விடுப்பில் வந்திருந்த பிராங்க்ளின், அன்புமொழி, அவள் இடுப்பில் பல் முளைத்த ஒரு தடியன். வந்ததும் வராததுமாக விசைப்பலகையைப் பிடுங்கப் பார்த்தான். நல்ல கறுப்பு, நல்ல பளபளப்பு.

அந்த முதல் படத்தைப் பெரிதாகப் போட்டு வீட்டில் மாட்ட வேண்டுமாம். எதைப் போடுவது என்பதில்தான் சண்டை. சிவரஞ்சனி இரண்டையும் அடுத்தடுத்துத் திரையில் வைத்தார்.

"ரோஸ்ல இருக்கே, அதப் போடுங்கக்கா" என்றான் பிராங்க்ளின். "அந்த மஞ்சளப் பாத்தாலே அந்த நாளுங்கதான் கண்ணு முன்னாடி வருது. அங்கன தனியாக் கெடந்து நான் பட்டது போதும். வீட்டுலயும் தெனம் அதையா பாக்கணும்?"

"அது இவன் இல்லீங்க" என்றாள் அன்புமொழி. "அந்தக் கலர்ல இவன் ஒரு நாளும் இருந்ததில்ல. இந்தா, இதுதான் எம் புள்ள. இவனத்தான் நான் தூக்கிக்கிட்டு ஓடுனேன்."

"அப்ப அதப் பாக்காம இருக்க நான் எங்க போறது?"

அன்புமொழி கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் கண்ணை அந்தப் படத்திலிருந்து எடுக்கவில்லை.

சிவரஞ்சனி என் பக்கம் திரும்பினார். "சார் எழுதுறவரு. சார் சொல்லட்டும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பிராங்க்ளின் பக்கம் நியாயம் இருந்தது. அன்புமொழி பக்கமும் இருந்தது.

இந்தக் கதையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உங்களுக்கு இடம்விட்டு நகர்ந்துகொள்கிறேன், கொஞ்சம் முன்னால் வாருங்கள். பையன் அப்பாவின் மீசையைப் பிடித்து இழுக்கிறான். பிரிண்டர் சூடாகிவிட்டது. சிவரஞ்சனி ஒரே ஒரு தாள்தான் வைத்திருக்கிறார்.

எதைப் போடட்டும்?