மூக்குடைந்த கிளி

சீட்டுக் குலுக்கியபோதே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. கல்லூரியில் பழங்கால அலங்காரப் பாடத்துக்கு ஆளுக்கொரு பாணி. ஆறு வாரத்தில் வரைந்து தர வேண்டும், செமஸ்டர் மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான். எனக்கு வந்தது பிரெஞ்சு அரண்மனைச் சுவரின் சிப்பியும் சுருளும். கூடப் படிக்கும் சியூ லிங்குக்கு வந்தது தென்னிந்தியக் கோயில் தூண்.

ஜெஞ்சாரோம் என்ற சின்ன ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் சீனரின் மகள் அவள். கடைக்கு வரும் தோட்டத்துத் தமிழ் ஜனங்களிடம் தமிழ் பேசக் கற்றவள். நானோ கிள்ளானில் கோயிலுக்கு எதிர்வீடு. நடை பழகியதே அந்தத் தூண்களைப் பிடித்துத்தான். என் வீட்டுப் பாத்திரத்தை யாரோ ஏலத்தில் எடுத்துப் போவதுபோல் இருந்தது.

போதாக்குறைக்கு அவளே என்னிடம் வந்தாள். "தாமரை, உன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறியா? எனக்கு அங்க யாரையும் தெரியாது லா."

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமை கூட்டிப் போனேன். மண்டபத்தில் அவள் வரையும் புத்தகத்தை எடுத்ததும் காதருகே குனிந்தேன்.

"உள்ள வரையக்கூடாது. போட்டோவும் எடுக்கக்கூடாது. ஐயர் ஏசுவாரு."

பச்சைப் பொய். அந்த மண்டபத்தில் போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு டிரோனே பறந்தது.

அவள் நம்பிவிட்டாள். "சோரி, தெரியாது" என்று புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, தூணுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் அசையவில்லை. வெறுங்கையோடு போகப்போகிறாள் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, அதே தூணை என் போனில் நாற்பது படம் எடுத்தேன்.

திங்கட்கிழமை பிரிக்பீல்ட்ஸில் கல்லூரிக்குள் நுழைந்ததும் நேரே விரிவுரையாளர் கார்த்திகேசுவிடம் போனேன்.

"சார், சியூ லிங்கிட்ட ஒரு கோடுகூட இல்ல. எங்கிட்ட அந்தத் தூண் முழுசும் போன்ல இருக்கு. டாப்பிக்க மாத்திக் கொடுங்க. நான் அந்தக் கோயில்லயே வளர்ந்தவ."

அவர் அவளையும் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் போனை மேசையில வைங்க. அந்தத் தூணோட அடிப்பாகத்த இப்பவே மனசுலேர்ந்து வரைங்க. யாருக்குத் தெரியுதோ அவங்களுக்குத் தூண்."

துள்ளிக்கொண்டு உட்கார்ந்தேன். யாளி ஒன்று உண்டு. அதன் வாயில் என்ன இருந்தது? அடியில் தாமரை இதழ் வரிசை. என் பெயரே தாமரை, ஆனால் இதழ் மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று எனக்குத் தெரியவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். கடைசியில் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பார்களே, அப்படி ஒரு தூணை வரைந்து வைத்தேன்.

சியூ லிங்கின் தாளில் யாளியின் வாயிலிருந்து கொடி புறப்பட்டது. ஒவ்வொரு சுருளுக்குள்ளும் ஒரு கிளி. மூன்றாவது கிளிக்கு மூக்கு உடைந்திருந்தது. இதழ்கள் கீழ்நோக்கி, ஒன்பது.

"எப்படிம்மா இவ்வளவு ஞாபகம்?" என்றார் சார்.

"உள்ள வரையக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாதுன்னு தாமரை சொன்னா சார். அதான் பார்த்துக்கிட்டே இருந்தேன். நல்லவேளை சொன்னா."

சரிபார்க்க அவர் என் போனைத் திறக்கச் சொன்னார். நாற்பது படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளினார். சியூ லிங்கும் எட்டிப் பார்த்தாள்.

"இது எப்ப எடுத்தது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் போனையே பார்த்தேன். படத்தில் அந்தக் கிளி மூக்கில்லாமல் உட்கார்ந்திருந்தது. இருபது வருஷத்தில் அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மாட்டிக்கொண்ட வெட்கத்தையும் மீறி, அது அவள் கண்ணில் முதலில் பட்டுவிட்டதே என்றுதான் வயிறு எரிந்தது.